குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சாயத்துத் தண்ணீர், கார்ப்பரேஷன் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் என்று எந்தப் பெயரில் வந்தாலும், அதைப் பரிசோதித்த காகிதம் கைக்கு வந்ததும் எழும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை.

குழாய்த் தண்ணீருக்கென்று ஒரு தரநிலை இருக்கிறதா? அது சட்டமா?

இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500. முதலில் 1983இல் வந்தது. 1991இலும் 2012இலும் திருத்தி எழுதினார்கள். அதன் பிறகும் சில்லறைத் திருத்தங்கள் உண்டு. இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்றிருந்த அளவு பிற்பாடு 1.0 ஆனது. ஆகவே பழைய அறிக்கையில் ‘இரும்பு அதிகம்’ என்று தள்ளப்பட்ட கிணறு இன்றைக்குத் தேறிவிடலாம். கிணற்றில் எதுவும் மாறியிருக்காது.

சட்டமா என்றால், இல்லை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் இருப்பதால், அங்கே அளவு மீறினால் தண்ணீர் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீருக்கு ஐஎஸ் 10500 கட்டாயமாக்கப்படவில்லை. குடிநீர் வடிகால் வாரியம், மெட்ரோ வாட்டர், மத்திய அரசின் ஜல் ஜீவன் குழாய் இணைப்புத் திட்டம் எல்லாம் அதையே அளவுகோலாகக் கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் பின்பற்றுவது வேறு, பின்பற்றாவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு. புகார் மனு எழுதும்போது இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

அறிக்கையில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு அளவுகள் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. முதல் எண் ‘ஏற்கத்தக்க அளவு’. இரண்டாவது எண்ணின் முழுப் பெயர் ‘வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் அளவு’. அச்சடிக்கும்போது முன்பாதியை விட்டுவிட்டு, வெறுமனே ‘அனுமதிக்கப்படும் அளவு’ என்று போட்டுவிடுகிறார்கள். படிப்பவர், அதுவரைக்கும் பயமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்.

கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், அதாவது டிடிஎஸ், 500 என்பது முதல் எண், 2000 என்பது இரண்டாவது. கடினத்தன்மைக்கு (கால்சியம், மக்னீசியம் உப்புகள்) 200, 600. குளோரைடுக்கு 250, 1000. ஃபுளோரைடுக்கு 1.0, 1.5. எல்லாமே லிட்டருக்கு மில்லிகிராம். டிடிஎஸ் 1,900 உள்ள தண்ணீரும் காகிதத்தில் ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’ வந்துவிடும்; வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேறு வழியில்லாத ஊருக்குக் கொடுத்த சலுகை அது. ஆற்றுத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்துசேரும் ஊரில், பழைய போர் தண்ணீரையே ஏற்றிவிட்டு இரண்டாவது எண்ணைக் காட்டினால், ‘வேறு ஆதாரம் இல்லையா?’ என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

சில பொருள்களுக்கு இரண்டாவது கட்டத்தில் எண்ணே இருக்காது. ‘தளர்வு இல்லை’ என்று எழுதியிருக்கும். ஈயம் 0.01, நைட்ரேட் 45, மொத்தக் குரோமியம் 0.05 எல்லாம் இந்த வகை. அந்த வரிகளை முதலில் படியுங்கள்.

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ‘தளர்வு இல்லை’ வரிகளையா?

அதற்கும் முன்னால் காகிதத்தின் தலைப்பகுதியைப் பாருங்கள். மாதிரி எங்கே எடுத்தது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, ஆய்வகத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது? ‘மேல்நிலைத் தொட்டி’ என்று எழுதியிருந்தால் அது தொட்டியைப் பற்றிய அறிக்கை. தெருக்கோடியில் இருக்கும் உங்கள் குழாயைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

அதற்கடுத்துக் கிருமி: கோலிஃபார்ம் என்னும் கிருமிக் கூட்டம், அதில் ஒன்றான ஈ.கோலி. அப்புறம் மீதிக் குளோரின். அதன் பிறகு ஃபுளோரைடு, நைட்ரேட், உலோகங்கள். டிடிஎஸ், கடினத்தன்மை, பிஎச் (அமில, காரத் தன்மை) மூன்றும் கடைசியில். நம் வீடுகளில் பேச்சு நேர்மாறாக டிடிஎஸ்ஸில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. வாந்திபேதியும் மஞ்சள் காமாலையும் டைபாய்டும் டிடிஎஸ் எண்ணில் தெரியாது.

ஈ.கோலி என்பதுதான் நோய் உண்டாக்கும் கிருமியா?

பெரும்பாலான ஈ.கோலி வகைகள் சாதுவானவை. மனிதர், மாடு, ஆடு போன்ற வெப்ப இரத்த உயிர்களின் குடலில் குடியிருப்பவை. தண்ணீரில் அது அகப்பட்டால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்தால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எதுவும் கூடவே வரலாம். ஒவ்வொரு நோய்க்கிருமியையும் தனித்தனியே தேடுவது செலவும் தாமதமும் பிடித்த வேலை என்பதால் இந்த ஒன்றைத் தேடுகிறார்கள். 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. ‘மொத்தக் கோலிஃபார்ம்’ மட்டும் இருந்து ஈ.கோலி இல்லையென்றால், மண்ணோ இலைதழையோ குழாய்க்குள் படிந்த பாசியோ காரணமாக இருக்கலாம். ஆபத்து குறைவு, ஆனால் எங்கோ வழி திறந்திருக்கிறது.

ஆனால் அரசியல், சாதி, வன்மம் இவற்றால் வரும் கலப்படத்துக்கு ஆய்வகம் காவல் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூகத்து மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது, குழந்தைகள் நோயுற்ற பிறகுதான்.

குளோரின் நாற்றம் அடிக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

லேசான வாசம் வந்தால் நல்ல அறிகுறி. குளோரின் கிருமியைக் கொன்ற பிறகும் கொஞ்சம் மிச்சம் நிற்க வேண்டும். வழியில் ஏதாவது கலந்தால் அந்த மிச்சம் சமாளிக்கும். இதைத்தான் மீதிக் குளோரின் என்கிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸ் நோய் பரவும் அச்சம் இருந்தால் 0.5.

கணக்கு கடினமில்லை. 25 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராமை 1,000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தண்ணீரில் உள்ள அழுக்கு ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சம் குழாய்க்கு வரும். கலந்து அரை மணி நேரமாவது விட வேண்டும். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாமல், வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுவது முறை. இதில் கோட்டை விடுவது பெரும்பாலும் பவுடரின் வயதில்தான். ஈரமான அறையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை மாதக்கணக்கில் சத்து இழந்துகொண்டே போகும். அளந்து போட்டவர் சரியாகத்தான் போட்டிருப்பார், குழாயில் பார்த்தால் பூஜ்யம்.

ஜல் ஜீவன் வழிகாட்டுதலின்படி ஓர் ஊரின் நீராதாரத்துக்கு ரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, கிருமிச் சோதனை இரண்டு முறை. மீதி நாட்களில் அந்த ஊருக்குப் பாதுகாப்பு, தொட்டி இயக்குபவர் கையிலிருக்கும் மீதிக் குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியும் பவுடரும்தான். ஆண்டறிக்கையைவிட அந்த மனிதரின் தினசரிப் பதிவேட்டை நான் அதிகம் நம்புவேன், அது உண்மையிலேயே தினமும் எழுதப்பட்டிருந்தால்.

சுத்திகரிப்பு நிலையத்தில் தேறிய தண்ணீர் வீட்டுக்கு வரும்போது ஏன் கெடுகிறது?

நம் ஊர்களில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. நிறுத்தியதும் குழாய் காலியாகி, உள்ளே அழுத்தம் குறைகிறது. பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் போகிறது, அல்லது இணைப்புக் குழாய் கால்வாய்க்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. சிறு விரிசல் இருந்தால் போதும், வெளியிலிருப்பது உள்ளே ஏறும். இதோடு, வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். உறிஞ்சுபவருக்குத் தண்ணீர் கூடக் கிடைக்கும். அதோடு தெரு முழுதுக்கும் சாக்கடையை இழுத்துவிடுவதும் அந்த மோட்டார்தான். திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர் கலங்கலாகவோ நாறியோ இருந்தால் அதைச் சம்ப்பில் விடாமல் வெளியே ஓடவிடுங்கள்.

சம்ப்பும் மாடித் தொட்டியும் உங்கள் பொறுப்பு. வாரியம் தரும் தண்ணீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மூடி சரியாக உட்காராத சம்ப்பில் மழைநீர் வழிந்து இறங்கினால் பழி அவர்கள்மேல் போடுவதில் பயனில்லை.

ஆர்.ஓ. விற்க வந்தவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டதும் அது பழுப்பாகி, அழுக்கு மிதந்தது. எங்கள் தண்ணீர் அவ்வளவு மோசமா?

அந்தப் பழுப்பு, கம்பியில் இருந்த இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு முனை அரித்துத் துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பாயாது, நிறம் மாறாது. அடுத்த முறை அவரது ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள்.

பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. கால்சியமா, சமையல் உப்பா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமி, பூச்சிக்கொல்லி, ஈயம் இவற்றைக் காட்டவே காட்டாது. டிடிஎஸ் 40 உள்ள தண்ணீரில் டைபாய்டு இருக்கலாம். 600 உள்ள தண்ணீர் பத்திரமாக இருக்கலாம்.

ஃபுளோரைடு, நைட்ரேட், அதிக உப்பு உள்ள இடங்களில் ஆர்.ஓ. மெய்யாகவே பயன்படும். டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னதற்குக் காரணம், கழிவாகப் போகும் தண்ணீரின் அளவு.

உப்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் வருமா?

நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்பது பெரும்பாலும் கடினத்தன்மை கூடிய தண்ணீரை. அந்தக் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலகச் சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் வைக்கவில்லை. நம் வெயிலில் கல் வருவதற்குப் போதுமான தண்ணீர் குடிக்காதது பெரிய காரணம்.

ஃபுளோரைடு பற்றித் தருமபுரிப் பக்கம் இவ்வளவு பேசுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

பாறையிலிருந்து. தொழிற்சாலை எதுவும் வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் கடும்பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட தாதுக்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் அவற்றோடு நீண்ட காலம் ஊறும்போது அது கரைந்து வருகிறது. மழை குறைந்து, போர் ஆழம் கூடக் கூட, பழைய நீரை எடுக்கிறோம். நிறமில்லை, வாசமில்லை, சுவையில் தெரியாது. பல் உருவாகும் வயதில் குழந்தை அதைக் குடித்தால் நிரந்தரப் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பிறகு பழுப்புக் கறையும் வரும். அளவு கூடி, ஆண்டுகள் பல போனால் எலும்பும் மூட்டும் இறுகும். இறுகியதை மருந்து திருப்பாது.

அதனால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்பதும் சேர்ந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில் கட்டி, 2013 மே மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் வரும் ஊர் என்பதாலேயே நிம்மதி அடைய முடியாது. ஆற்று நீர் போதாத நாளில் அதே தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரும் ஏறினால் குழாயில் வருவது கலவை. அங்கே சோதிக்க வேண்டியது குழாய் முனைத் தண்ணீரை, அதுவும் கோடையில்.

காய்ச்சிக் குடித்தால் எல்லாம் போய்விடும்தானே?

கிருமி போகும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். உதகை, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம், ஏனெனில் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. ஆவியாகித் தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும். தருமபுரியில் காய்ச்சுவது ஃபுளோரைடுக்கு மருந்தாகாது.

நைட்ரேட் 45 என்கிறது நம் அறிக்கை. அமெரிக்க வலைத்தளத்தில் 10 என்று இருக்கிறது. நம் தரம் தளர்வானதா?

இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நாம் நைட்ரேட்டை முழுதாக எடை போடுகிறோம். அவர்கள் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் போடுகிறார்கள். அறிக்கையில் எந்தக் கணக்கு என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். உரமும் கழிப்பறைக் குழியும்தான் பெரும்பாலும் இதன் மூலம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் இது பழைய பிரச்சினை. அங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை, குடிப்பதும் பாய்ச்சுவதும் அதே நிலத்தடி நீர். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்: இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும்.

இந்த வரம்புகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பல பொருள்களுக்கு, ஒருவர் வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கு வராத அளவை ஆய்விலிருந்து எடுத்து, பாதுகாப்புக்காக அதைப் பல மடங்கு, பெரும்பாலும் 100 மடங்கு, குறைப்பார்கள். உணவில் சேரும் பங்கைக் கழிப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 2 லிட்டர் குடிப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் வைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் செங்கல் சூளையிலோ வயலிலோ நிற்பவர் 2 லிட்டரோடு நிறுத்துவாரா? உலகச் சுகாதார நிறுவனம் ஃபுளோரைடுக்கு 1.5 என்று சொல்லும்போது நம் ஏற்கத்தக்க அளவு 1.0ஆக இருப்பது மிகைக் கண்டிப்பு இல்லை.

சென்னைத் தண்ணீர் ‘தோல்வி’ என்று செய்தி வந்ததே?

2019 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட முடிவு. மும்பையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறின; டெல்லி, கொல்கத்தா, சென்னையில் ஒன்றும் தேறவில்லை. சென்னைக்கு அது ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்ற ஆண்டு. தவிர, ஓர் அளவில் தவறினாலும் தோல்விதான். கடினத்தன்மை கூடியதற்கும் கோலிஃபார்ம் இருந்ததற்கும் ஒரே முத்திரை. ஒரு மாநகரத்துக்குப் பத்துப் புட்டி என்பதும் நினைவில் இருக்கட்டும். எந்த அளவில், எந்தத் தெருவில் என்று கேட்காமல் இந்தச் செய்தியை வைத்துப் பயப்படவும் முடியாது, அலட்சியம் செய்யவும் முடியாது.

மாதிரி எடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் 2 லிட்டர், அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகு. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டி மட்டுமே. அதை அலசக் கூடாது, உள்ளே இருக்கும் சிறு மருந்து குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. அது இல்லாவிட்டால் பயண நேரத்தில் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், நல்ல அறிக்கை கிடைத்துவிடும். குழாய் வாயைத் துடைத்துச் சூடுகாட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்ப்பது நல்லது; 24 மணி நேரம் தாண்டினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. ஈயத்துக்கு மட்டும் முறை தலைகீழ்: இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரை, காலையில் திறந்ததும் வரும் முதல் நீரைப் பிடிக்க வேண்டும். மீதிக் குளோரினைக் குழாயடியிலேயே பார்த்தாக வேண்டும்.

எங்கே கொடுப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். சென்னையில் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் பொது சுகாதாரத் துறையின் தண்ணீர்ப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. தனியாரிடம் போனால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ளதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வேண்டிய சோதனைக்கு உள்ளதா என்று கேளுங்கள். அங்கீகாரம் சோதனைவாரியாகத்தான் தருகிறார்கள்.

பஞ்சாயத்தில் பெண்களுக்குக் கொடுத்திருக்கும் தண்ணீர்ச் சோதனை கிட் நம்பத்தக்கதா?

முதல் சல்லடையாக நம்பலாம். ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தருவது ஜல் ஜீவன் ஏற்பாடு. நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவதால் ஃபுளோரைடு 1.0ஆ 1.5ஆ என்று துல்லியமாகச் சொல்லாது. 3 இருந்தால் சொல்லிவிடும். கிருமிக்குள்ள சிறு குப்பியில் தண்ணீர் ஊற்றி, அறைவெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், கெட்டிருந்தால் கறுக்கும். நிலத்தடி நீரில் இயல்பாகவே கந்தக வாடை இருந்தால் வீணாகவும் கறுக்கும். கறுத்தால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குளோரின் போடுவதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

குரோமியம், யுரேனியம் எல்லாவற்றுக்கும் சோதிக்க வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற தோல் பதனிடும் பகுதியில் குரோமியம் பார்ப்பது அவசியம், கடலோரக் கிணற்றில் குளோரைடு, ஆழ்துளைக் கடும்பாறைக் கிணற்றில் ஃபுளோரைடும், ஒரு முறையாவது யுரேனியமும் (லிட்டருக்கு 0.03 மில்லிகிராம்). எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதித்தால் பணம்தான் கரையும்.

அறிக்கை தவறிவிட்டது. இப்போது என்ன செய்ய?

ஈ.கோலி என்றால் இன்றே காய்ச்ச ஆரம்பியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள். தெருவில் வயிற்றுப்போக்கு இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீர்ப் புகாரைவிட நோய்ப் புகாருக்குத்தான் ஆட்கள் சீக்கிரம் வருவார்கள். தொட்டியிலும் குழாய் முனையிலும் ஒரே நாளில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். தொட்டி சுத்தம், குழாய் அசுத்தம் என்றால் உடைப்பு இடையில். இரண்டும் அசுத்தம் என்றால் தொட்டியோ கிணறோ.

ஃபுளோரைடு, நைட்ரேட் என்றால் ஒரு நாளில் தீராது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீர் ஏற்பாடு செய்துகொண்டு, குளிக்கத் துவைக்க அதையே பயன்படுத்தலாம். அறிக்கையின் நகலை இணைத்துக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று.